ட்ராவிஸ் பிக்கிளுக்கு யார் கொடுத்தது இந்த மெடல்?

#1 அரைடிக்கெட்

'டாக்ஸி டிரைவர்' (1976) பற்றி இந்தக் குழுவில் வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது 'தனிமையின் காவியம்' என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று "என்கிட்டயா பேசுற?" என்று கேட்கும் ட்ராவிஸின் முகத்தை புரொஃபைல் படமாக வைத்திருப்பவர்களும் இங்கே உண்டு. எல்லோருக்கும் சேர்த்து ஒரே கேள்வி: இந்த ஆள் மேல் நமக்கு எதற்குப் பரிதாபம்?

பார்க்காதவர்களுக்காகக் கதை. 26 வயது முன்னாள் மரைன் வீரன் ட்ராவிஸ் பிக்கிள், தூக்கம் வராமல் நியூயார்க்கில் இரவு டாக்ஸி ஓட்டுகிறான். தேர்தல் பிரசார அலுவலகத்தில் வேலை செய்யும் பெட்ஸியைப் பார்த்து மயங்குகிறான். அவளை ஆபாசப் பட தியேட்டருக்குக் கூட்டிப் போகிறான், அவள் எழுந்து போய்விடுகிறாள். அப்புறம் துப்பாக்கிகள் வாங்கி, அவள் யாருக்காக வேலை செய்கிறாளோ அந்த அதிபர் வேட்பாளர் பாலண்டைனைக் கொல்லப் பார்க்கிறான். அது கைகூடவில்லை. அன்றைக்கே போய், ஐரிஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியை வைத்துத் தொழில் நடத்தும் கும்பலைச் சுட்டுத் தள்ளுகிறான். பத்திரிகைகள் அவனை ஹீரோ ஆக்குகின்றன.

'நகரம் அவனைக் கைவிட்டது' என்று சொல்பவர்கள் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் கட்சி. அவனை யார் கைவிட்டார்கள்? பெட்ஸி முன்பின் தெரியாதவனோடு காபி குடிக்க வருகிறாள், அடுத்து சினிமாவுக்கும் வருகிறாள். மூத்த டிரைவர் விசார்ட், 'மனசு சரியில்லை' என்று இவன் சொன்னதும் தெருவில் நின்று பொறுமையாகக் கேட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறான். அதற்கு இவன் பதில்: இதைவிட முட்டாள்தனமான பேச்சைக் கேட்டதில்லை. ஐரிஸ், வெர்மான்ட்டில் பலர் கூடி வாழும் ஒரு கம்யூனுக்குப் போகலாம், நீயும் வா என்று கூப்பிடுகிறாள். 'அந்த இடமெல்லாம் சுத்தமாக இருக்காது' என்கிறான். இத்தனை பேரையும் தள்ளிவிட்டு, தன்னைக் 'கடவுளின் தனிமையான மனிதன்' என்று டைரியில் எழுதிக்கொள்கிறவனை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

படம் அவனைக் கொண்டாடுகிறது, அதுதான் என் குற்றச்சாட்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அவன் கண்ணாலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டுக் கடைசியில் மெடல் குத்தி அனுப்புகிறார் இயக்குநர் ஸ்கோர்செஸி.

#2 தேனி வாத்தியார்

தம்பி, விசார்ட், பெட்ஸி, கம்யூன் எல்லாம் உங்களுக்கு எங்கிருந்து தெரியும்? படம் காட்டியது. படம் மறைக்காத விஷயத்தை வைத்தே படத்தின் மேல் கேஸ் போடுகிறீர்கள்.

அவன் தனிமையை அவனே கட்டிக்கொள்கிறான் என்பது திரைக்கதை எழுதிய பால் ஷ்ரேடரே பலமுறை சொன்னதுதான். இந்தக் கதை வந்த வழியும் அப்படித்தான். கல்யாணம் முறிந்து, இருக்க இடமில்லாமல், கையில் காசில்லாமல் காரிலேயே படுத்துக் கிடந்த காலம் அது. வயிற்றுப் புண் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே நர்ஸிடம் பேசுகையில்தான் வாரக்கணக்கில் தான் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்பது அவருக்கே உறைத்ததாம். ஒரு மனிதன் இரும்புப் பெட்டிக்குள் அடைந்துகொண்டு கூட்டத்துக்கு நடுவில் சுற்றுவது என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. வெளியே ஜனம் நிறைய, உள்ளே இவன் மட்டும். டாக்ஸி அதற்குத் தோதான வண்டி.

கொண்டாட்டம் என்றீர்களே, போன் காட்சியை மறுபடி போட்டுப் பாருங்கள். சுவரில் மாட்டிய போனில் பெட்ஸியிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். காய்ச்சலா, பூ வந்ததா என்று ஏதேதோ கேட்கிறான். அவள் பேச்சு நமக்குக் கேட்பதே இல்லை. பாதியில் கேமரா அவனை விட்டு ஒதுங்கிப் போய், பக்கத்தில் இருக்கும் ஆளில்லாத நடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவன் படும் அவமானத்தை அதனால் பார்க்க முடியவில்லை. இந்தப் படத்துக்கு முதலில் மனதில் தோன்றிய ஷாட் இதுதான் என்று ஸ்கோர்செஸி சொல்லியிருக்கிறார். ஹீரோவைப் பார்த்துக் கேமரா கூச்சப்படுகிற படத்தையா 'மெடல் குத்துகிறது' என்கிறீர்கள்?

கடைசிப் பத்திரிகைத் துணுக்குகள் சாட்டையடி. அதே நாள், அதே ஆள், அதே துப்பாக்கி. கொலம்பஸ் சர்க்கிள் கூட்டத்தில் குண்டு பாய்ந்திருந்தால் தலைவரைக் கொன்ற பைத்தியக்காரன். கிழக்கு 13-ஆம் தெருவில் பாய்ந்ததால் சிறுமியைக் காப்பாற்றிய தீரன். அவனுக்குள் எதுவும் மாறவில்லை, குண்டு பட்ட ஆட்கள்தான் மாறினார்கள். மெடல் கொடுத்தது ஊர். ஊருக்கு மெடல் கொடுத்தே பழக்கம் என்கிறது படம்.

#3 அரைடிக்கெட்

வாத்தியார் சார், ஒரு ஷாட் கூச்சப்படுகிறது, சரி. மீதி ஷாட்டுகள் எல்லாம் அவன் மேல் சொக்கிக் கிடக்கின்றனவே? நிலத்தடிக் குழாயிலிருந்து எழும் நீராவிக்குள்ளிருந்து மஞ்சள் டாக்ஸி ஏதோ கடவுள் மாதிரி வெளியே வருகிறது. மழையில் கரைந்த நியான் விளக்கு அவன் கண்ணில் மினுங்குகிறது. சட்டைக் கைக்குள்ளிருந்து துப்பாக்கி சறுக்கி வர அவன் செய்யும் கருவியை இத்தனை ரசித்து எடுக்க வேண்டிய அவசியம் என்ன? அதைப் பார்த்த எந்தப் பையனும் 'ஐயோ பாவம், மனநோயாளி' என்று நினைக்க மாட்டான். 'செம' என்றுதான் சொல்வான். இயக்குநர் மனதில் சாட்டை இருந்திருக்கலாம். தியேட்டரில் விழுந்தது விசில்.

#4 பழைய ரீல்

ரெண்டு பேரும் கதையை வைத்தே அடித்துக்கொள்கிறீர்கள். கொஞ்சம் காதையும் கண்ணையும் திறந்து பேசலாமா?

இசை பெர்னார்ட் ஹெர்மன். 1975 டிசம்பரில் இந்தப் படத்தின் இசைப்பதிவை முடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போனவர் அன்றிரவு தூக்கத்திலேயே இறந்துபோனார். படம் அவருக்குச் சமர்ப்பணம் என்ற அட்டை அதனால்தான். அந்த இசையில் இரண்டு துண்டு. ஒன்று, பித்தளை வாத்தியங்களும் டிரம்மும் மூச்சை இழுத்து இழுத்து விடுவது போல மேலேறி இறங்கும் அச்சுறுத்தல். இன்னொன்று, சாக்ஸபோனில் வரும் குழைவான காதல் மெட்டு. இரண்டும் ஒரே ஆளுக்கு. அரைடிக்கெட் சொல்லும் 'சொக்கல்' அந்த சாக்ஸபோனில் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசித் துப்பாக்கிச் சூடு முடிந்து, கேமரா கூரையிலிருந்து செத்தவர்களைப் பார்த்தபடி நகரும்போது அதே காதல் மெட்டு என்ன ஆகிறது என்று கேளுங்கள். பித்தளையும் ஹார்ப்பும் சேர்ந்து அதை ஒரு சவ ஊர்வலமாக நசுக்கி வாசிக்கின்றன. இனிமை என்று நீங்கள் நம்பியது எங்கே கொண்டுபோய் விட்டது பார் என்று ஹெர்மன் காட்டிக் கொடுக்கிறார்.

அந்த மேலிருந்து பார்க்கும் ஷாட்டுக்காக, இடிக்கப்படவிருந்த பழைய கட்டடம் ஒன்றின் கூரையை அறுத்துத் திறந்தார்கள். தயார்ப்படுத்தவே மூன்று மாதம் ஆனது. ரத்தச் சிவப்பு அதிகம் என்று தணிக்கையில் எக்ஸ் சான்றிதழ் பயமுறுத்தியதும் அந்தக் காட்சியின் நிறத்தை மட்டும் வெளுக்க வைத்தார் ஸ்கோர்செஸி. ரத்தம் பழுப்பாக, பழைய செய்தித்தாள் படம் போல ஆகிவிட்டது. ஒளிப்பதிவாளர் மைக்கேல் சாப்மனுக்கு இதில் கடைசிவரை வருத்தம். எனக்கு இந்த வெளுத்த நிறமே பிடிக்கும்.

நகரத்தையும் பேசுங்கள். படப்பிடிப்பு நடந்தது 1975 கோடை. நியூயார்க் திவாலாகும் விளிம்பில் நின்ற வருடம். கடும் வெயில், குப்பை அள்ளுபவர்களின் வேலைநிறுத்தம், தெருவெல்லாம் மூட்டை. அக்டோபரில் அதிபர் ஃபோர்டு உதவி இல்லை என்று கைவிரித்ததும், ஃபோர்டு நகரத்தைச் செத்துத் தொலை என்கிறார் என்று 'டெய்லி நியூஸ்' முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. என்றாவது ஒரு மழை வந்து இந்தக் கழிசடைகளை எல்லாம் தெருவிலிருந்து கழுவிவிடும் என்று ட்ராவிஸ் டைரியில் எழுதுகிறான் அல்லவா, அந்தக் குப்பை செட் போட்டது இல்லை.

#5 வான்மதி

'கழிசடை' என்று அவன் யாரைச் சொல்கிறான்? இத்தனை நீளம் பேசிவிட்டீர்கள், மூன்று பேரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை.

அந்தப் பட்டியலில் தெருவில் நிற்கும் பெண்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், போதைக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள். கறுப்பர்களை அவன் வாயால் அதிகம் சொல்வதில்லை, கேமராதான் சொல்கிறது. டிரைவர்கள் கூடும் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேஜையில் சும்மா உட்கார்ந்திருக்கும் கறுப்பர்கள் மேல் ஸ்லோமோஷனில் ஊர்கிறது. கூட வேலை செய்யும் சார்லி டி விளையாட்டாக விரலை நீட்டித் துப்பாக்கி மாதிரி காட்டுவதையும் மிரட்டலாகக் காட்டுகிறது. இயக்குநரே நடித்த காட்சியில் பின்சீட்டில் உட்கார்ந்து தன் மனைவியைக் கொல்லப்போவதாகப் பேசுகிறவன், அவளோடு இருப்பவன் கறுப்பன் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறான். ட்ராவிஸ் முதன்முதலில் சுடுவது ஒரு கறுப்பு இளைஞனை, மளிகைக் கடையில் திருட வந்தவனை. விழுந்தவனைக் கடைக்காரர் இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டே இருக்கிறார். லைசென்ஸ் இல்லையே என்று கவலைப்படும் ட்ராவிஸை, நான் பார்த்துக்கொள்கிறேன் போ என்று அனுப்பிவிடுகிறார். காட்சி முடிந்தது. அந்த இளைஞனைப் பற்றிப் படத்தில் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது முக்கியமானது. ஷ்ரேடர் எழுதிய மூலத் திரைக்கதையில் ஐரிஸை வைத்துத் தொழில் நடத்தும் ஸ்போர்ட் என்பவன் கறுப்பன். கடைசியில் சாகிறவர்களும் கறுப்பர்கள். அப்படியே எடுத்தால் தியேட்டர்களில் கலவரம் வரும் என்ற பயத்தில் அந்த வேடத்தை வெள்ளையனாக்கி ஹார்வி கைட்டலுக்குக் கொடுத்தார்கள். இதை ஷ்ரேடரே சொல்லியிருக்கிறார். ஆக, படம் முழுக்க ஒரு வெறுப்பை ஊட்டி வளர்த்துவிட்டு, அறுவடை நேரத்தில் அதை வேறு வயலில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் சாட்டையடியா, வாத்தியார் சார்?

#6 அரைடிக்கெட்

இதுக்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன் வான்மதி. நன்றி.

#7 வான்மதி

நன்றி வேண்டாம். நான் உங்கள் கட்சியும் இல்லை. அந்த மளிகைக் கடை காட்சி இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் படத்தை நான் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பேன். அவனுக்குள் இருப்பது வெறும் தனிமை என்று ஷ்ரேடர் சொல்லலாம், அந்தக் காட்சி வேறு சொல்கிறது.

#8 தேனி வாத்தியார்

வான்மதி அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ஆட்களை மாற்றியது பயத்தினால்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விளைவைப் பாருங்கள்.

இந்தக் கதைக்கு எலும்புக்கூடு இயக்குநர் ஜான் ஃபோர்டின் 'தி சர்ச்சர்ஸ்' (1956). கமாஞ்சிகள் தூக்கிப்போன சகோதரன் மகளைத் தேடி வருடக்கணக்கில் அலைகிறான் ஜான் வெய்ன். அவனை நடத்துவது பாசமா, செவ்விந்தியர் மேல் இருக்கும் வெறியா என்று பிரிக்க முடியாது. கண்டுபிடித்ததும் அவளையே கொல்லத் துணிகிறவன் அவன். ஷ்ரேடரும் ஸ்கோர்செஸியும் அந்தப் படத்தின் பித்தர்கள். அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை இவர்கள் சேர்த்தார்கள்: ஸ்போர்ட்டும் ஐரிஸும் மட்டும் இருக்கும் அறை. மெல்லிய பாட்டுப் போட்டு அவளை அணைத்துக்கொண்டு ஆடி, காதில் தேன் ஒழுகப் பேசுகிறான். உடம்பு கூசும். ட்ராவிஸ் அங்கே இல்லை. 'படம் முழுக்க அவன் கண்ணாலேயே' என்றாரே தம்பி, அது இங்கே உடைகிறது. பெட்ஸியும் அவள் கூட வேலை செய்யும் டாமும் அலுவலகத்தில் கிண்டலடித்துக்கொள்ளும் காட்சியிலும் உடைகிறது.

ஸ்போர்ட் கறுப்பனாக இருந்திருந்தால், 1976-இல் பாதித் தியேட்டர் அந்த அறைக்குள் நுழையும் முன்பே தீர்ப்பு எழுதியிருக்கும். கைட்டல் வந்ததால், இந்தக் குழந்தை எப்படி இவனிடம் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோழைத்தனத்தில் எடுத்த முடிவு சில நேரம் நல்ல காட்சியில் போய் முடிகிறது. சினிமாவில் இது நடக்காததல்ல.

#9 ஸ்காபரோ அண்ணை

எல்லாரும் படிச்ச ஆட்கள், நான் டக்சி ஓட்டினவன். ரொறன்ரோவில் கனகாலம் இரவு ஷிஃப்ட் செய்தேன். இந்தப் படத்தை என்னுடைய மகன்தான் போட்டுக் காட்டினான், 'அப்பா உங்கட படம்' என்று. எனக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம்.

சில விஷயங்கள் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். பின்சீட்டில் ஏறுகிறவருக்கு முன்சீட்டில் ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நினைவே இராது. புருஷன் பெண்சாதி சண்டை, கடன், கள்ளத் தொடர்பு எல்லாம் எங்கள் பிடரிக்குப் பின்னால் நடக்கும். கண்ணாடியில் ஒருக்கால் கண்ணுக்குக் கண் பட்டால் உடனே பேச்சு நிற்கும். ஸ்கோர்செஸி பின்சீட்டில் இருந்து, 'மீட்டரைப் போடு, எழுதாதே, திரும்பாதே' என்று அதிகாரம் பண்ணுகிற காட்சி, அந்த மாதிரிப் பயணிகளை ஏற்றினவர்களுக்கு விளங்கும். விடிந்ததும் பின்சீட்டைத் துடைக்க வேண்டும் என்று ட்ராவிஸ் சொல்கிறானே, அதுவும் உண்மை. என்னத்தைத் துடைத்தோம் என்று இங்கே எழுத மாட்டேன்.

ஆனால் தம்பிமாரே, அந்தப் படத்திலேயே வேற டக்சிக்காரரும் இருக்கினம் அல்லவா? விசார்ட், டோபாய், சார்லி. அதே இரவு, அதே தெரு, அதே வாந்தி. அவர்கள் சாப்பாட்டுக் கடையில் ஒரு மேசையில் இருந்து, பாதி பொய் கலந்து கதையளந்து, ஆளை ஆள் நக்கலடித்துவிட்டு வீட்டுக்குப் போகினம். எங்களுக்கும் விமான நிலையத்தில் வரிசையில் நிற்கிற நேரம் அப்படித்தான் போகும். பஞ்சாபி, சோமாலி, எங்கட ஆட்கள், ஒரு பிளாஸ்டிக் கப் தேத்தண்ணியோடு உலக அரசியல் முழுக்க முடித்துவிடுவோம். ட்ராவிஸ் அந்த மேசையில் இருக்கிறான், ஆனால் தண்ணியில் கரையும் மாத்திரையின் குமிழைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நேர்காணலில் எங்கும் போவேன், எந்த நேரமும் ஓட்டுவேன் என்கிறான். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, வாரத்தில் ஆறு நாள், சில வாரம் ஏழு. வாரத்துக்கு 300, 350 டொலர் உழைக்கிறான். அந்தக் காலத்தில் அது நல்ல காசு. வீட்டுக்கு அனுப்பினானா? பெற்றோருக்குக் கல்யாண நாள் வாழ்த்து மட்டும் அனுப்புகிறான். அதுவும் அரசாங்கத்தின் இரகசிய வேலை, பெட்ஸி என்று ஒரு பிள்ளையோடு பழகுகிறேன் என்று முழுப் பொய். காசு முழுக்கத் துவக்குக்குப் போகிறது. வேலை மனுசனைக் கெடுத்தது என்று சொல்லாதேங்கோ. அவன் கெட்டுப்போய்த்தான் வேலைக்கு வந்தான். டிரைவரைக் கண்டாலே விசரன் என்று நினைக்கப் பழக்கினதில் இந்தப் படத்துக்கும் பங்கு இருக்கிறது.

#10 தேனி வாத்தியார்

அண்ணை, அந்தக் குமிழ் காட்சிக்கு மூலம் பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் படம் ஒன்றில் வரும் காபிக் கோப்பை. ஆனால் நீங்கள் சொன்னது கோதாருக்கே தெரியாத விஷயம். கூட்டத்தோடு உட்கார்ந்திருப்பவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை என்று.

#11 அரைடிக்கெட்

அண்ணை சொன்ன 'பங்கு' பற்றி யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? 1981 மார்ச் 30. வாஷிங்டனில் ஹில்டன் ஹோட்டல் வாசலில் ஜான் ஹிங்க்லி என்ற இளைஞன் அதிபர் ரீகனைச் சுடுகிறான். ரீகனையும் சேர்த்து நான்கு பேருக்குக் காயம். பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிராடிக்குத் தலையில் பாய்ந்து வாழ்நாள் முழுக்க முடங்கிப்போனார். ஹிங்க்லி இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவன். ஐரிஸாக நடித்த ஜோடி ஃபாஸ்டர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அங்கே போய் அவரைப் பின்தொடர்ந்து கடிதங்கள் போட்டவன். 1982 விசாரணையில் ஜூரிகளுக்கு இந்தப் படத்தையே போட்டுக் காட்டினார்கள். மனநிலை சரியில்லை என்று விடுவிக்கப்பட்டான். அந்தத் தீர்ப்பால் எழுந்த கொதிப்பில் அமெரிக்கா சட்டத்தையே மாற்றியது.

அன்றைக்கு இரவு நடக்கவிருந்த ஆஸ்கர் விழா ஒரு நாள் தள்ளிப்போனது. மறுநாள் சிறந்த நடிகர் பரிசு வாங்கியவர் ட்ராவிஸாக நடித்த டி நீரோ, 'ரேஜிங் புல்' படத்துக்காக. இதைவிடக் கோரமான தற்செயலை எந்தத் திரைக்கதையிலாவது வைத்தால் நம்ப மாட்டோம்.

சாட்டை என்கிறீர்கள். சாட்டையைப் பார்த்து எவனாவது துப்பாக்கி வாங்குவானா?

#12 தேனி வாத்தியார்

அதே வரலாற்றைக் கொஞ்சம் முன்னாலிருந்து பார்ப்போம். 1972 மே மாதம் ஆர்தர் பிரெமர் என்பவன் மேரிலாந்தில் அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் வாலஸைச் சுட்டான். அவன் முதலில் குறிவைத்தது நிக்சனை. கனடாவில் ஒட்டாவா வரை பின்னாலேயே போய், பாதுகாப்பைத் தாண்ட முடியாமல், சரி, கிடைத்தவனைச் சுடுவோம் என்று வாலஸிடம் திரும்பினான். எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்தான். பாலண்டைன் கிடைக்காததால் ஸ்போர்ட் என்று ட்ராவிஸ் திரும்புகிறானே, அது எங்கிருந்து வந்தது என்று தெரிகிறதா? இந்தப் படம் வருவதற்கு முன்பே அந்த ஆள் தெருவில் இருந்தான். ஷ்ரேடர் அவனைக் கண்டுபிடித்தார், உண்டாக்கவில்லை.

ஹிங்க்லியைப் படம் உண்டாக்கியது என்றால், பிரெமரை எந்தப் படம் உண்டாக்கியது?

#13 அரைடிக்கெட்

உண்டாக்கியது என்று நான் சொல்லவே இல்லை. ஒருவனுக்கு உடுப்பும் வசனமும் தலைமுடி வெட்டும் கொடுத்தது என்கிறேன். பிரெமரை யாரும் புரொஃபைல் படமாக வைத்துக்கொள்வதில்லை, ட்ராவிஸை வைத்துக்கொள்கிறார்கள். ரெண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தின் பெயர் ராபர்ட் டி நீரோ. அந்தக் கண்ணாடிக் காட்சியில் ஸ்கிரிப்ட்டில் இருந்தது, அவன் கண்ணாடியைப் பார்த்துத் தனக்குத்தானே பேசுகிறான் என்பது மட்டும்தான். மீதி அவர் அங்கேயே நின்று பிடித்தது. கவர்ச்சி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

#14 பழைய ரீல்

அவ்வளவு நல்லா நடித்ததுதான் குற்றம் என்றால் டி நீரோவை உள்ளே தள்ளிவிடலாம். அந்த வருடம் கான் திரைப்பட விழாவில் ஜூரித் தலைவரான நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ் திரையில் பெருகும் வன்முறை பற்றி வெளிப்படையாகவே நொந்துகொண்டார். பரிசு மட்டும் இந்தப் படத்துக்கே போனது. அந்தச் சண்டைக்கு வயது ஏறக்குறைய ஐம்பது, நாம் புதிதாக ஆரம்பிக்கவில்லை.

#15 வான்மதி

ஹிங்க்லி, பிரெமர் என்று போய்க்கொண்டே இருந்தால் ஐரிஸ் எப்போது வருவாள்?

நிஜத்தில் ஜோடி ஃபாஸ்டருக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்த வேடம் அவரைப் பாதிக்குமா என்று மனநல மருத்துவரிடம் பரிசோதனை வைத்தார்கள். மோசமான சில ஷாட்டுகளில் அவருக்குப் பதில் பெரியவரான அக்காவை நிறுத்தினார்கள். நடிகைக்கு அந்த அளவு யோசித்தவர்கள், கதாபாத்திரத்துக்கு என்ன செய்தார்கள்? கண் முன்னால் ஒருவன் தலை சிதறுகிறது, வேண்டாம் வேண்டாம் என்று அவள் அலறுகிறாள். அவளுடைய கடைசிக் குரல் அதுதான். பிறகு அவள் எப்படி இருக்கிறாள் என்பதைப் பிட்ஸ்பர்க்கிலிருந்து அவள் அப்பா எழுதும் கடிதம்தான் சொல்கிறது. பள்ளிக்கூடம் போகிறாளாம், பழையபடி மாறுவது அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறதாம். அந்த வீட்டை விட்டு ஏன் ஓடி வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. 'காப்பாற்றப்பட்டாள்' என்று வாத்தியார் உட்பட எல்லோரும் எழுதுகிறீர்கள். ட்ராவிஸ் அன்று காலை பாலண்டைனைக் கொல்லக் கிளம்பும்போதே அவளுக்குப் பணத்தையும், நீ இதைப் படிக்கும்போது நான் செத்திருப்பேன் என்று ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுத்தான் போகிறான். காப்பாற்றும் யோசனை இருந்தவன் செய்கிற காரியமா அது? சாகப் போனவன் சாக இடம் கிடைக்காமல் அவள் மாடிக்கு வந்தான். அங்கேயும் எல்லோரையும் கொன்று முடித்துத் தன் கழுத்தில் வைத்து அழுத்திப் பார்த்தான், குண்டு தீர்ந்துபோயிருந்தது.

ஊர் மெடல் கொடுப்பது கிண்டல் என்றார் வாத்தியார். எட்டு வருடம் கழித்து அதே நியூயார்க்கில், 1984 டிசம்பரில், பெர்னார்ட் கெட்ஸ் சப்வே ரயிலில் நான்கு கறுப்பு இளைஞர்களைச் சுட்டார். பணம் கேட்டு மிரட்டினார்கள் என்றார். ஒருவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். நகரத்தில் பாதிப் பேர் அவரை ஹீரோ என்றார்கள். 1987-இல் ஜூரி கொலை முயற்சிக் குற்றத்திலிருந்து விடுவித்து, உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்கு மட்டும் தண்டித்தது. முடங்கியவருக்கு 4 கோடியே 30 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று சிவில் வழக்கில் தீர்ப்பு வர 1996 ஆனது. படத்தில் வரும் பத்திரிகைத் துணுக்குகளைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யார் சுடப்பட்டார்கள் என்பதில் படம் பயந்து விலகிக்கொண்டது, நிஜம் விலகவில்லை.

#16 தேனி வாத்தியார்

கெட்ஸ் விஷயம் என் வாதத்துக்குத்தான் பலம் என்று நினைக்கிறேன். இப்படித்தான் நடக்கும் என்று எட்டு வருடம் முன்னாலேயே சொன்ன படத்தைக் கோழை என்று எப்படிச் சொல்வது? ஐரிஸ் பற்றி நீங்கள் எழுதியதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை, யோசித்து எழுதுகிறேன். இப்போதைக்குக் கடைசிக் காட்சி மட்டும். பெட்ஸி அவன் டாக்ஸியில் ஏறுகிறாள், பேப்பரில் படித்தேன் என்கிறாள். காசு வாங்காமல் சிரித்து இறக்கிவிட்டுப் போகிறான். குணமாகிவிட்டான் என்று நாம் சாய்ந்து உட்காரும்போது, கண்ணாடியில் எதையோ பார்த்துத் திடுக்கிட்டு அதைத் திருப்புகிறான். தலைகீழாக ஓட்டிய ஒரு ஓசை வெட்டுகிறது. இவன் வெடிக்கக் காத்திருக்கும் குண்டு என்று ஸ்கோர்செஸி சொன்னார். கடைசி ஃபிரேமை முதல் ஃபிரேமோடு ஒட்டி மறுபடியும் ஓட்டலாம் என்றார் ஷ்ரேடர். சிலர் இந்தப் பின்பகுதி முழுக்கச் சாகும்போது அவன் கண்ட கனவு என்று சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கனவாக இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம்.

#17 ஸ்காபரோ அண்ணை

கனவும் இல்லை, ஒண்டும் இல்லை. இத்தனை பேரைச் சுட்டவனுக்கு டக்சி லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தது ஆர் எண்டு முதல் சொல்லுங்கோ. எனக்கு ஒரு சிவப்பு விளக்குக்கே கூப்பிட்டு விசாரித்தவங்கள்.

#18 அரைடிக்கெட்

அண்ணை கேட்டதுதான் நான் முதல் பதிவில் கேட்டதும். லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தது நியூயார்க் என்று வாத்தியார் சொல்வார். அந்த லைசென்ஸோடு அவனுக்கு நல்ல வெளிச்சமும், சாக்ஸபோனும், பின்சீட்டில் பெட்ஸியின் பார்வையும் கொடுத்தது யார்? நகரசபை பட்ஜெட்டில் சாக்ஸபோன் இல்லை. ஐரிஸ் பற்றிய பதிலுக்குக் காத்திருக்கிறேன் சார்.